அரிவாளுக்கு முன்பே தொடங்கிவிடும் வன்முறை

ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கோ நாடாளுமன்ற உறுப்பினருக்கோ கொலை மிரட்டல் வந்தால், அன்று மாலையே அது செய்தியாகிவிடும். காவல்துறை வழக்குப் பதியும். வீட்டு வாசலில் காவலர் நிற்பார். துப்பாக்கி ஏந்திய பாதுகாவலர் கூடவே போவார். அதை நாம் குறை சொல்லவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை மிரட்டுகிறவர், அவருக்கு வாக்களித்த அத்தனை பேரையும் சேர்த்துத்தான் மிரட்டுகிறார்.

நம் கேள்வி வேறு. அதே மக்கள், அதே வாக்குரிமையால் ஓர் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவருக்கு மிரட்டல் வந்தால் மட்டும் அது ஏன் 'ஊர்ப் பிரச்சினை' ஆகிவிடுகிறது? ஏன் வழக்குக்குப் பதிலாக சமாதானக் கூட்டம் நடக்கிறது?

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மற்ற 9 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். அடுத்த தேர்தலில் எந்த ஊராட்சி யாருக்கு ஒதுக்கப்படும் என்ற பேச்சு டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'நம்ம ஊரு காலனிக்குப் போயிட்டா என்ன செய்யறது?' என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வருகிறது. இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலவளவு: ஒன்பது மாத எச்சரிக்கை

மேலூர் அருகே உள்ள மேலவளவு என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு 1997 ஜூன் 30 நினைவுக்கு வருகிறது. ஊராட்சித் தலைவர் முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஆறு பேர் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்ட நாள் அது. முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். இதைத் தமிழ்நாடே அறியும். அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் நடந்ததைப் பற்றித்தான் பலரும் பேசுவதில்லை. மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது அந்த ஒன்பது மாதங்களை.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் வந்தது. மேலவளவு தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டு, மனுக்களைத் திரும்பப் பெற்றார்கள். தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. தேர்தல் நடக்கவில்லை. டிசம்பர் 28ஆம் தேதி மறுபடி வாக்குப்பதிவு வைத்தார்கள். அன்று வாக்குப்பெட்டிகள் பறித்துச் செல்லப்பட்டன. டிசம்பர் 31ஆம் தேதி, காவல்துறையின் காவலோடு மூன்றாவது முறையாக நடந்த தேர்தலில்தான் முருகேசன் தலைவரானார். தலைவரான பிறகும் ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் நுழைய முடியவில்லை.

எரிந்த வீடுகளுக்கான இழப்பீடு குறித்துக் கேட்க மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பியபோதுதான் அவரை வெட்டினார்கள்.

இதில் எது திடீரென்று நடந்தது? முதல் மிரட்டல் மனுத் தாக்கலின்போதே வந்துவிட்டது. அடுத்தது தீ வைப்பு. பிறகு வாக்குப்பெட்டி பறிப்பு. பிறகு அலுவலகத்துக்குள் நுழையத் தடை. ஒவ்வொன்றும் அதிகாரிகளின் கண்ணெதிரே நடந்தது. ஒவ்வொன்றுக்கும் அன்றே பதில் சொல்லியிருந்தால் ஜூன் 30 வந்திருக்காது. ஒன்பது மாதம் யாரும் தடுக்காததால்தான் அரிவாள் எடுத்தவர்களுக்குத் துணிச்சல் வந்தது.

வழக்கு சேலம் நீதிமன்றத்தில் நடந்தது. 40 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டு, 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் அதை உறுதி செய்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி மூவர் விடுவிக்கப்பட்டார்கள். 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு என்று சொல்லி மேலும் 13 பேரை அரசு விடுவித்தது. ஒரு கட்சி ஆண்டபோது மூவர், இன்னொரு கட்சி ஆண்டபோது 13 பேர். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைக் கொன்றவர்களைத் தலைவர்களின் பிறந்தநாள் கணக்கில் வெளியே விடுவது, அடுத்து மிரட்டப் போகிறவர்களுக்கு என்ன சொல்கிறது?

அதற்குப் பிறகும் நின்றதா?

மேலவளவோடு முடிந்திருந்தால் இதைப் பழைய கதை என்று விட்டுவிடலாம். முடியவில்லை.

2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. நவம்பரில், அன்றைய திருநெல்வேலி மாவட்டம் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். அருந்ததியர் சமூகத்தவரான அவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

அதே மாவட்டத்தில் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்தவர் கிருஷ்ணவேணி. அவரும் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று நின்றார். மிரட்டல் இருப்பதாக முன்பே புகார் கொடுத்திருந்தார். 2011 ஜூன் மாதம் ஓர் இரவு, ஆட்டோவில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சரமாரியாக வெட்டினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்து விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024இல். முதல் தீர்ப்புக்கே சுமார் 13 ஆண்டுகள். அதற்குள் எத்தனை ஊராட்சித் தேர்தல்கள் வந்துபோயின, எத்தனை பேர் 'நமக்கெதுக்கு வம்பு' என்று மனுத் தாக்கல் செய்யாமலே இருந்துவிட்டார்கள் என்பதை யார் எண்ணுவது?

2020ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்கு திட்டை ஊராட்சியில் எடுக்கப்பட்ட ஒரு படம் நாடெங்கும் பரவியது. கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் தேசியக் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு, சில நாட்களில் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார்கள். 2022 சுதந்திர தினத்துக்கு முன்பாக, சாதியின் பெயரால் எந்த ஊராட்சித் தலைவரும் கொடியேற்றத் தடுக்கப்படக் கூடாது என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளை ஆய்வு செய்தது. 22 இடங்களில் தலைவர் உட்கார நாற்காலி இல்லை என்று அந்த ஆய்வு சொன்னது.

நாற்காலி, கொடி என்றால் சின்ன விஷயம்போலத் தெரியும். மேலவளவை மறுபடி நினைத்துப் பார்ப்போம். அங்கேயும் கொலைக்கு முன்னால் நடந்தது அலுவலகத்துக்குள் விட மறுத்ததுதான். நாற்காலி தராத ஊரில் எல்லாம் கொலை நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. 'நீ ஜெயிச்சிருக்கலாம், ஆனா நீ தலைவர் இல்ல' என்று முகத்துக்கு நேரே சொல்லும் முறைதான் நாற்காலி மறுப்பு. அதைக் கேட்டு அடங்கிப் போகிறவருக்கு அடுத்த மிரட்டல் தேவைப்படுவதில்லை. அடங்காதவருக்கு வருகிறது.

கையெழுத்து என்னும் கடிவாளம்

மிரட்டல் எப்போதும் அரிவாளோடு வருவதில்லை. பல ஊர்களில் அது ஒரு காசோலைப் புத்தகத்தோடு வருகிறது.

ஊராட்சிகள் சட்டத்தின் 188(3) பிரிவின்படி, ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஊழலைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான வார்டுகள் ஆதிக்க சாதியினரின் கையில் இருக்கும் ஊரில், துணைத் தலைவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவர் கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியாது. குடிநீர் மோட்டார் பழுதானால் சரிசெய்ய முடியாது. தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. தண்ணீர் வராத கோபத்தில் மக்கள் குடத்தோடு வருவது தலைவரிடம்தான். 'காலனிக்காரனை உட்கார வெச்சா இப்படித்தான்' என்ற பேச்சும் அப்போது தானாகவே எழும். கையெழுத்துப் போடாதவர் கூட்டத்தில் ஒருவராக நின்று வேடிக்கை பார்ப்பார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எழுதாத காசோலையில் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது, தலைவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தை அனுப்பிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் கிராமத்தில் வாழ்கிறவர்கள் அறிந்தவை. தலைவர் பெண்ணாகவும் தலித்தாகவும் நிலமில்லாதவராகவும் இருந்தால் நெருக்கடி மூன்று மடங்கு. அவர் அன்றாடம் கூலிக்குப் போவது துணைத் தலைவரின் உறவினர் வயலாகக்கூட இருக்கும். 'நாளையிலிருந்து வேலைக்கு வராதே' என்ற ஒரு வார்த்தை போதும், கையெழுத்து தானாக விழும்.

கையெழுத்துப் போட மறுக்கிற தலைவர் மீது புகார் கிளம்பும். சட்டத்தின் 205ஆம் பிரிவு, தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்குத் தருகிறது. ஊராட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டாலே அந்த நடவடிக்கை தொடங்கலாம். தவறு செய்கிற தலைவரைத் தட்டிக்கேட்க இப்படி ஒரு பிரிவு வேண்டும்தான். தலித் தலைவர் எவர்மீதும் ஊழல் புகாரே வரக் கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுத்த உறுப்பினர்கள் அதற்கு முன்பு எத்தனை கூட்டங்களைப் புறக்கணித்தார்கள், துணைத் தலைவர் எத்தனை முறை காரணமின்றிக் கையெழுத்து மறுத்தார் என்பதையும் சேர்த்தல்லவா ஆட்சியர் விசாரிக்க வேண்டும்?

சட்டத்தில் இல்லாத குறையா?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய மூன்று பிரிவுகள் அதில் இருக்கின்றன.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வாக்களிப்பதையோ, வேட்பாளராக நிற்பதையோ, மனுத் தாக்கல் செய்வதையோ மிரட்டித் தடுப்பது 3(1)(எல்) பிரிவின்படி குற்றம். ஊராட்சியில் உறுப்பினராகவோ தலைவராகவோ இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் தம் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் இடையூறு செய்வதும் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். தேர்தல் முடிந்த பிறகு அவர்களைத் தாக்குவதும், சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் 3(1)(என்) பிரிவின்படி குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை.

நாற்காலி மறுப்பதும், அலுவலகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவி தராமல் இருப்பதும், கொடியேற்ற விடாமல் தடுப்பதும் இந்த இரண்டாவது பிரிவுக்குள் வரக்கூடியவை. ரத்தம் சிந்தினால்தான் வழக்கு என்று சட்டம் சொல்லவில்லை. புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தமும் தெளிவாக்கிவிட்டது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. கடமையைச் செய்யாத அரசு ஊழியர் மீதே நடவடிக்கை எடுக்க 4ஆம் பிரிவு இருக்கிறது.

பிறகு ஏன் புகார் கொடுக்கப் போகிற தலைவர் காவல் நிலைய வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்? ஏனென்றால், காவல் நிலையத்தின் பார்வையில் இது சட்டம்-ஒழுங்குப் பிரச்சினை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, எழுதி வாங்கி, அனுப்பிவிட்டால் ஊர் அமைதியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. மிரட்டியவரையும் மிரட்டப்பட்டவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து 'ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க' என்றால், தலைவர் எதை விட்டுக்கொடுப்பது? அவரிடம் இருப்பது மக்கள் கொடுத்த பதவி ஒன்றுதான்.

எண்ணிக்கையும் ஒரு சிக்கல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் கொலை, வன்புணர்வு, தீ வைப்பு என்று வகை பிரித்து வருகின்றன. மிரட்டப்பட்ட ஊராட்சித் தலைவர்களுக்கு என்று தனி வரிசை இல்லை. எண்ணப்படாத குற்றத்தைப் பற்றி சட்டமன்றத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

முடியாது என்றார்கள், முடிந்தது

'சாதி ஊறிப்போன ஊர், அரசாங்கம் என்ன செய்ய முடியும்' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது.

உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்து ஆண்டுகள் முறையான தலைவர் இல்லை. தேர்தல் அறிவிப்பு வரும், மனுவே வராது. அல்லது ஊர் நிறுத்திய ஒருவர் வென்று, உடனே ராஜினாமா செய்வார். மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. ஒவ்வொரு முறையும் 'அந்த ஊரில் தேர்தல் நடத்த முடியாது' என்றே சொல்லப்பட்டது.

2006 அக்டோபரில் நடத்த முடிந்தது. ஊரும் சாதியும் மாறிவிடவில்லை. அரசு உறுதியாக இருந்தது. அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரனும் அதிகாரிகளும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். நான்கு ஊர்களிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், ராஜினாமா செய்யாமல் பதவியில் இருந்தார்கள். அடுத்த மாதம் சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தி அந்தத் தலைவர்களை அன்றைய முதல்வர் கருணாநிதி பாராட்டினார். 2021 காந்தி ஜெயந்தி அன்று பாப்பாபட்டி கிராம சபைக் கூட்டத்துக்கு முதல்வர் ஸ்டாலின் நேரில் போனார்.

பத்து ஆண்டுகள் முடியாதது சில மாத முயற்சியில் முடிந்தது என்றால், அந்தப் பத்து ஆண்டுகளில் குறையாக இருந்தது அரசின் மனம்தான்.

இப்போதே செய்ய வேண்டியவை

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும் அன்றே வேலை தொடங்க வேண்டும். முன்பு தேர்தல் நின்றுபோன ஊர்கள், ஏலம் பேசிய ஊர்கள், தலைவர் மிரட்டப்பட்ட ஊர்கள் எவை என்று மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். அந்த ஊர்களில் மனுத் தாக்கலிலிருந்தே பாதுகாப்பு வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவில், பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் கொடுத்த புகார்கள் தனிப் பொருளாக எடுக்கப்பட வேண்டும். எத்தனை வந்தன, எத்தனை வழக்காயின, எத்தனை 'சமாதானம்' ஆயின என்று மூன்று கணக்கையும் வெளியிட வேண்டும்.

துணைத் தலைவர் காரணம் எழுதாமல் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் கையெழுத்து மறுத்தால், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒப்புதலோடு பணம் எடுக்க வழி செய்ய வேண்டும். தலைவர் மீது புகார் வந்தால் செக் பவரை நிறுத்திவைக்க நிர்வாகத்துக்குத் தெரிகிறது. துணைத் தலைவரின் முடக்கத்துக்கும் அதே வேகம் வேண்டும்.

தலைவர் கொலை வழக்குகளிலும் கொலை முயற்சி வழக்குகளிலும் தண்டனை பெற்றவர்களைப் பிறந்தநாள், நூற்றாண்டு என்று முன்கூட்டி விடுவிப்பதில்லை என அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். இதில் எல்லாக் கட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிராம சபைக் கூட்டத்துக்குப் போங்கள். தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், தீர்மானத்தை யார் வாசிக்கிறார், சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். தவறு நடந்தால் தேதியோடு எழுதி, தலைவரோடு போய் மனுக் கொடுங்கள், மனுவுக்கு ரசீது வாங்குங்கள். சாட்சி இல்லை என்பதால்தான் பல புகார்கள் சமாதானத்தில் முடிகின்றன. நீங்கள் சாட்சியாக நின்றால் வழக்கு நிற்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30 அன்று மேலவளவில் எல்லாக் கட்சிக்காரர்களும் அஞ்சலி செலுத்துகிறார்கள். செலுத்தட்டும். முருகேசன் உயிரோடு இருந்தபோது அவருக்குத் தேவைப்பட்டது அலுவலகக் கதவைத் திறந்துவிட ஒரு அதிகாரி, புகாரைப் பதிய ஒரு காவல் நிலையம், பேருந்தில் கூட வர இரண்டு காவலர்கள். அடுத்த தேர்தலில் வெல்லப் போகிற தலைவர்களுக்காவது அவை கிடைக்க வேண்டும்.